விருந்தும் மருந்தும்

என் தமக்கையின் வலது கையிலிருந்த தங்க வளையல் ஒருநாள் கழல மறுத்துவிட்டது. நான் இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததற்கு அந்த வளையல்தான் காரணம்.

குடலில் வந்த புற்றுநோய்க்கு அறுவை முடிந்து அவளுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சமயம் அது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நாள் விடாமல் மருந்து இறங்கவேண்டும். கையிலுள்ள சின்னச் சிரைகள் அந்த மருந்தின் காரத்தைத் தாங்கமாட்டா. ஆகவே புயத்தின் உட்பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, தோள் வழியாக நகர்த்தி, இதயத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். பேச்சு வழக்கில் நாம் 'நரம்பில் ஊசி போட்டார்கள்' என்கிறோம். நரம்பு வேறு. இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்க்குச் சிரை என்று பெயர். அந்தச் சிரைக்குள் மாதக்கணக்கில் தங்கவேண்டிய இந்தக் குழாயை ஆஸ்பத்திரியில் 'பிக் லைன்' என்றார்கள். என் தமக்கை அதை 'வால்' என்று சொல்லுவாள்.

ஆஸ்பத்திரியில் கழற்றச் சொன்ன வளையலை வீட்டுக்கு வந்ததும் அவள் மறுபடி மாட்டிக்கொண்டாள். வெறுங்கையோடு இருப்பதாவது! மூன்றாவது வாரம் கை லேசாகக் கனத்தது. "கையை மடித்துப் போட்டுத் தூங்கிவிட்டேன் போலிருக்கிறதுடா" என்றாள். நாங்களும் நம்பினோம். இரண்டு நாளில் வளையல் சதையில் பதிந்துவிட்டது. சோப்பும் எண்ணெயும் பயன்படாமல் போகவே ஆசாரியைக் கூப்பிட்டு அறுத்தெடுத்தோம். வளையல் போயும் வீக்கம் போகவில்லை. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஸ்கானில் பார்த்துவிட்டு இளம் டாக்டர், குழாயைச் சுற்றி ரத்தம் உறைந்திருக்கிறது என்றார். அக்குள் வரை அடைப்பு.

"இது மூளைக்குப் போகுமா, டாக்டர்?" என்று கேட்டேன். எங்கள் அப்பா பாரிச வாயுவில் மூன்று வருஷம் கிடந்து போனவர். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு வேறு கேள்வி வராது.

"சாதாரணமாகப் போகாது சார். பிய்ந்து கிளம்பினாலும் நுரையீரலோடு நின்றுவிடும். அதுவே ஆபத்துதான். மூளைக்குப் போகவேண்டுமானால் இதயத்தின் நடுச் சுவரில் ஒரு கதவு திறந்திருக்கவேண்டும். திங்கட்கிழமை அதையும் பார்த்துவிடலாம்" என்றார் அவர். அன்று முதலே வயிற்றில் ஊசி போட்டு ரத்தத்தை இளக்க ஏற்பாடு செய்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. இடையிலிருந்த நாட்களில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்போதும் அதற்குப் பிறகும் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை பெர்லின் நகரத்தில், 1840-களில் தொடங்குகிறது. ஷாரிட்டே ஆஸ்பத்திரியில் ருடால்ஃப் விர்கோ என்ற வாலிபர் பிண அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வயது இருபத்தைந்துகூட நிரம்பவில்லை. அக்காலத்தில் பாரிஸ் நகரத்து குருவேலியே என்ற மேதை வைத்ததுதான் சட்டம். செத்தவர்களின் நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி தென்பட்டால், அந்தக் குழாயின் சுவர் அங்கேயே அழன்று, அங்கேயே ரத்தம் கட்டியது என்று சொல்லுவார்கள். விர்கோ அதை நம்பவில்லை. நுரையீரலில் கட்டி இருந்த பிணங்களில் பெரும்பாலும் காலிலோ இடுப்பிலோ சிரைக்குள்ளும் கட்டி இருப்பதை அவர் கண்டார். கட்டி ஒரு இடத்தில் உண்டாகி இன்னொரு இடத்துக்குப் பயணம் போகிறது என்று ஊகித்தார்.

ஊகத்தை நிரூபிக்க நாய்களை எடுத்துக்கொண்டார். கழுத்துச் சிரையைத் திறந்து ரப்பர்த் துண்டுகளையும், உறைந்த ரத்தத்தையும், சதைத் துணுக்குகளையும் உள்ளே விட்டார். பிறகு அறுத்துப் பார்த்தால் அவை நுரையீரல் குழாயில் போய்ச் சிக்கியிருந்தன. ரப்பரைச் சுற்றிப் புதிதாக ரத்தம் படிந்து கட்டியிருந்தது. உறைவதற்கு ஒரு பெயரும், பயணம் போய் அடைப்பதற்கு ஒரு பெயரும் சூட்டினார்: திராம்போசிஸ், எம்பாலிசம். 1856-ம் வருஷம் வெளிவந்த தடித்த புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிவைத்தார்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கழுத்துச் சிரைக்குள் ரப்பரை விட்டால் அதைச் சுற்றி ரத்தம் கட்டும் என்பது, மனிதன் வேண்டுமென்றே தன் சிரைக்குள் ரப்பர்க் குழாயை விட்டுக்கொள்வதற்கு எழுபது வருஷத்துக்கும் மேல் முன்னதாகவே தெரிந்திருக்கிறது! குழாய் வந்த பிறகு கண்டுபிடித்த தீங்கல்ல இது. தெரிந்தே வாங்கிக்கொண்டது.

ரத்தம் ஏன் உறைகிறது என்பதற்கு மூன்று காரணம் சொல்லுகிறார்கள். ஓட்டம் மந்தமாவது ஒன்று. குழாயின் உட்சுவர் காயப்படுவது ஒன்று. ரத்தமே உறையும் சுபாவம் கொள்வது ஒன்று. மூன்றையும் சேர்த்து விர்கோவின் பெயரால் சொல்லும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்ததாம். பெயர் எப்படியானால் என்ன, என் தமக்கையின் கையில் மூன்றும் சேர்ந்திருந்தன. சிரையின் அகலத்தில் ஒரு பங்கைக் குழாய் அடைத்துக்கொண்டதால் ரத்தம் தயங்கித் தயங்கிப் போயிற்று. கையை அசைக்கும் போதெல்லாம் குழாய் சுவரில் உரசிற்று. மூன்றாவது காரணம் அவள் நோயே. புற்றுநோய் ரத்தத்தை உறையத் தூண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தை 1865-ல் பாரிஸில் சொன்னவர் அர்மான் த்ரூஸோ என்ற டாக்டர். காரணமில்லாமல் சிரையில் ரத்தம் கட்டினால் உள்ளே எங்கேயோ புற்று ஒளிந்திருக்கக்கூடும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். இரண்டு வருஷம் கழித்து அவர் உடம்பிலேயே சிரை ஒன்று கட்டிக்கொண்டது. தாம் பிழைக்கப்போவதில்லை என்று அவரே சொல்லிவிட்டாராம். அவ்வருஷமே வயிற்றுப் புற்றினால் காலமானார். தம் பாடத்தைத் தம் உடம்பிலேயே படிக்க நேர்ந்த வாத்தியாரை நினைத்தால் இன்றும் மனம் சங்கடப்படுகிறது.

இனி அந்தக் கதவுக்கு வருவோம்.

தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு நுரையீரலால் உபயோகமில்லை. மூச்சு விட அங்கே காற்று ஏது? ஆகவே இதயத்தின் வலது அறைக்கு வரும் ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகாமல், நடுச் சுவரிலுள்ள ஒரு துவாரத்தின் வழியாக நேரே இடது அறைக்குப் போய்விடுகிறது. துவாரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மெல்லிய கதவு உண்டு. குழந்தை பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் இடது அறையில் அழுத்தம் கூடிக் கதவு சாத்திக்கொள்கிறது. பிறகு நாளடைவில் சுவரோடு ஒட்டிவிடுகிறது. நாலு பேரில் மூன்று பேருக்கு இப்படி. நாலாவது ஆளுக்குக் கதவு சாத்தியிருக்குமே தவிர, ஒட்டியிருக்காது. இருமினாலோ, முக்கினாலோ ஒரு கணம் திறந்து மூடும். அந்த மனிதருக்கு ஆயுள் முழுதும் அது தெரியாமலே போய்விடலாம்.

சிரையில் புறப்படும் கட்டி வலது அறைக்கு வந்து நுரையீரலுக்குப் போகும். நுரையீரல் ஒரு வடிகட்டி. பெரிய கட்டியானால் ஆளையே கொன்றுவிடும், ஆனால் அதைத் தாண்டி மூளைக்குப் போகாது. கதவு திறக்கும் அந்த ஒரு கணத்தில் கட்டி இடது அறைக்குள் புகுந்துவிட்டாலோ, வடிகட்டி இல்லாத பாதை அது. கழுத்து வழியாக நேரே மூளைக்குப் போகலாம்.

இதைக் கண்ணால் கண்டு எழுதியவர் யூலியஸ் கோன்ஹைம். விர்கோவின் மாணவர். 1877-ல் அச்சான அவருடைய பிரசங்கங்களில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லுகிறார். முப்பத்தைந்து வயது. மூளையின் நடுத் தமனி அடைத்து இறந்துபோனாள். இதயத்தின் தடுக்கிதழ்களில் கோளாறு இல்லை, தமனிகளிலும் இல்லை. கட்டி எங்கிருந்து வந்தது? காலின் சிரையில் நீளமாக ஒரு ரத்தக்கட்டி கிடந்தது. ஆனால் அங்கிருந்து மூளைக்கு வழி? கடைசியில் இதயத்தின் நடுச் சுவரைப் பார்த்தார். அந்தத் துவாரத்தில் மூன்று விரலைத் தாராளமாக நுழைக்க முடிந்ததாம். பெயர் தெரியாத அந்தப் பெண் இல்லாவிட்டால் எங்கள் டாக்டர் 'திங்கட்கிழமை பார்த்துவிடலாம்' என்று சொல்லியிருக்கமாட்டார்.

கட்டியின் கதை இது. குழாயின் கதை வேறு. பெர்லினுக்கு அருகே எபர்ஸ்வால்டே என்ற சிற்றூரில் 1929-ல் அது ஆரம்பித்தது. வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இருபத்தைந்து வயதுப் பயிற்சி டாக்டருக்கு ஒரு பழைய படம் கண்ணைவிட்டு அகலவில்லை. குதிரையின் கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்குள் குழாய் விட்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் அழுத்தம் அளந்த படம் அது. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லையே, மனிதனுக்கு ஏன் ஆகவேண்டும்? உயிர் போகும் தறுவாயில் இதயத்துக்கே நேராக மருந்து கொடுக்கலாமே என்பது அவர் எண்ணம். மேலதிகாரி கூடாது என்று தடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஃபோர்ஸ்மான் பிற்காலத்தில் தாமே எழுதியிருக்கிறார். நாவலாசிரியன் எவனும் இப்படிக் கற்பனை செய்யத் துணியமாட்டான். அறுவைச் சாமான் அறையின் சாவி கெர்டா டிட்ஸன் என்ற நர்ஸிடம் இருந்தது. அவளிடம் நயமாகப் பேசி, பரிசோதனையை அவள் உடம்பில் செய்வதாக நம்பவைத்தார். மேஜையில் படுக்கவைத்துக் கைகால்களைக் கட்டினார். அவள் கையில் அயோடின் தடவிவிட்டு, அவள் பார்க்காத சமயம் தம் இடது முழங்கையின் மடிப்பைக் கீறி, சிறுநீர்க் குழாய்க்குப் பயன்படும் கதீட்டரைத் தம் சிரைக்குள் செலுத்திக்கொண்டார். பிறகு கட்டை அவிழ்த்து, அவளையும் கூட்டிக்கொண்டு, கையில் குழாய் தொங்கக் கீழ்த்தளத்து எக்ஸ்ரே அறைக்குப் படியிறங்கிப் போனார். ஒரு நண்பர் ஓடிவந்து குழாயைப் பிடுங்கப் பார்த்தார். அவரை உதைத்துத் தள்ளினார். நர்ஸ் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, திரையில் தெரிவதை அதில் பார்த்தபடியே 65 சென்டிமீட்டர் வரை தள்ளினார். குழாயின் நுனி இதயத்தின் வலது அறைக்குள் இருந்தது. படம் எடுக்கச் சொன்னார். இன்றும் அந்தப் படம் இருக்கிறது.

அவ்வருஷம் வெளிவந்த கட்டுரையில், குடல்வால் வெடித்துச் சாகக் கிடந்த ஒரு நோயாளிக்கு இதே மாதிரி குழாய் விட்டு மருந்து ஏற்றியதையும் எழுதினார். அந்த நோயாளி பிழைக்கவில்லை. ஆனாலும் இன்று உலகத்து ஆஸ்பத்திரிகளில் நடக்கும் காரியத்துக்கு அதுதான் முதல் அத்தியாயம். பெரிய டாக்டர்கள் ஃபோர்ஸ்மானைக் கோமாளியாகப் பார்த்தார்கள். அவர் இதயத்தை விட்டுவிட்டுச் சிறுநீர் வியாதிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய்விட்டார். 1932-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். துணிச்சல்காரரெல்லாம் விவேகியாக இருப்பார் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் அவர் வழியைப் பின்பற்றி இதய ஆராய்ச்சியை வளர்க்க, 1956-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிராமத்துப் பாதிரியாரைத் திடீரென்று பிஷப் ஆக்கிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது என்றாராம் ஃபோர்ஸ்மான்.

ஃபோர்ஸ்மானுக்கு ரத்தம் ஏன் கட்டவில்லை? குழாய் அவருக்குள் இருந்தது கொஞ்ச நேரந்தான். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று நம் பெரியவர்கள் சொன்னது குழாய்க்கும் பொருந்தும் போலிருக்கிறது. அவருக்குப் பின் வந்த ஒவ்வொருவரும் இந்த விருந்தாளி தங்கும் காலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள்.

1952-ல் ஓபனியாக் என்ற பிரெஞ்சு டாக்டர் காரை எலும்பின் கீழே குத்திப் பெரிய சிரையை எட்டும் வழியைக் காட்டினார். அதன் பிறகு குழாய் நாட்கணக்கில் தங்கியது. 1960-களில் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் பீகிள் நாய்க்குட்டிகளுக்கு வாய் வழியே ஒன்றும் கொடுக்காமல், கழுத்துச் சிரையில் செருகிய குழாய் மூலமே சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் ஏற்றினார். குட்டிகள் மாதக்கணக்கில் வளர்ந்தன, கொழுகொழுவென்றே வளர்ந்தன. பிறகு, குடல் ஏறக்குறைய இல்லாமலே பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அதே முறையைக் கையாண்டார்கள். பாலைச் சொட்டுக்கூட ஜீரணிக்க முடியாத அந்தக் குழந்தை எடை ஏறி, உயரமாகி வளர்ந்தது என்ற செய்தி 1968-ல் வெளிவந்தது. விர்கோவின் நாயும் டட்ரிக்கின் நாயும் ஒரே சிரையைத்தான் கொடுத்தன. ஒன்று கட்டியைக் காட்டிற்று; மற்றொன்று உயிரைக் காட்டிற்று.

சியாட்டில் நகரத்து ப்ரோவியாக் 1973-ல் சிலிக்கோன் குழாயைக் கொண்டுவந்தார். பழைய பிளாஸ்டிக் குழாயைவிட அது மிருது. சுவரை அவ்வளவு உரசாது. தோலுக்கடியில் கொஞ்ச தூரம் சுரங்கம் தோண்டினாற்போல் ஓடி, சதையோடு பற்றிக்கொள்ளும் துணிப்பட்டி ஒன்றும் அதில் இருந்தது. குடலை இழந்தவர்கள் இரவில் வீட்டிலேயே குழாய் வழியாகச் சாப்பிட்டுவிட்டுப் பகலில் வேலைக்குப் போனார்கள். 1979-ல் அதே ஊர் ஹிக்மன் குழாயை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தி, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு உதவும்படி செய்தார். 1980-களின் தொடக்கத்தில் மார்பின் தோலுக்கடியில் புதைத்துவைக்கும் 'போர்ட்' வந்தது. மணிக்கணக்கு மாதக்கணக்காகி, மாதம் வருஷமாயிற்று. உடம்பு மட்டும் தன் பழைய சுபாவத்தை மாற்றிக்கொள்ளவில்லை. குழாய் உள்ளே போன ஒரு நாளுக்குள் அதன்மேல் ரத்தப் புரதங்கள் உறைபோலப் படிய ஆரம்பிக்கின்றன. பெரும்பாலோருக்கு அந்த உறையோடு காரியம் நின்றுவிடுகிறது. சிலருக்கு அது கட்டியாகிறது.

குழாயை விட முடியாது; அப்படியானால் ரத்தத்தை இளக்கலாமே? அதற்கும் மருந்து இருந்தது. 1916-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மக்ளீன் என்ற மாணவன் ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடப்போய், நாயின் ஈரலில் அதற்கு நேர் விரோதமான பொருளைக் கண்டான். ஹெப்பாரின் என்ற பெயர் பிறகு வந்தது. எலி பாஷாணமாக 1948-ல் கடைக்கு வந்த வார்ஃபரின் இன்னொன்று. 1990-ல் ஒரு சிறு ஆராய்ச்சி. தினம் ஒரே ஒரு மில்லிகிராம் வார்ஃபரின் சாப்பிட்ட 42 பேரில் 4 பேருக்குத்தான் கட்டியது. சாப்பிடாத 40 பேரில் 15 பேருக்குக் கட்டிவிட்டது. டாக்டர்களுக்கு ஒரே சந்தோஷம். எத்தனையோ இடங்களில் அந்த மாத்திரை வழக்கமாயிற்று. 2009-ல் பிரிட்டனில் 1,590 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். அந்த ஒரு மில்லிகிராமினால் ஒரு பலனும் தெரியவில்லை. அளவைக் கூட்டினால் ரத்தப்போக்குக்குப் பயப்படவேண்டியிருந்தது. பத்தொன்பது வருஷத்து நம்பிக்கை அதோடு போயிற்று.

கைவேலையில் கவனம் வைப்பதுதான் மிச்சம். நுனி மேலே சிறிய சிரையில் நின்றால் அதிகம் கட்டுகிறது. ரத்தம் வேகமாகப் பாயும் இதய வாசலில் நின்றால் குறைவு. குழாய் சிரையின் அகலத்தில் பாதியைக்கூட அடைக்கக்கூடாது. கழுத்தில் குத்தும்போது கை தவறித் தமனியில் விட்டுவிட்டால் அதுவே மூளையைத் தாக்கும். ஆகவே இப்போது ஸ்கானில் பார்த்துக்கொண்டே குத்துகிறார்கள். புயத்தில் செருகும் பிக் லைன் போடுவதற்கு எளிது. ஆனால் மற்றக் குழாய்களைவிட அதில் சிரை அடைக்கும் ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு என்று 2013-ல் லான்செட் பத்திரிகையில் கணக்குக் காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தேவை தீர்ந்த அன்றே எடுத்துவிடவேண்டும்.

கை கனத்தால் அன்றைக்கே சொல்லவேண்டும் என்று எங்களிடம் யாராவது அழுத்திச் சொன்னார்களா? ஒரு காகிதம் கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து தேடினேன். ஆஸ்பத்திரிப் பையில் பில்களுக்கு அடியில் மடித்தபடியே இருந்தது. நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அக்காவின் பேரில் பழி போட எனக்கு வாய் எழவில்லை.

திங்கட்கிழமை வந்தது. உப்பு நீரில் துளி காற்றைக் கலந்து, இரண்டு ஊசிக்குழல்களுக்கிடையே மாற்றி மாற்றி அடித்து நுரைபோலாக்கி இடது கையில் ஏற்றினார்கள். திரையில் அவள் இதயம் தெரிந்தது. வலது அறை முழுதும் வெண்மணிகள் நிறைந்து பளபளத்தன. இடது அறை கறுப்பாகவே இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. "இன்னொரு தடவை. அம்மா, வயிற்றை இறுக்கி முக்குங்கள். சரி, விடுங்கள்" என்றார் டாக்டர். முக்கி விட்டாள். கறுப்பு அறையில் மணிகள் சில நீந்தி வந்தன. நான் எண்ணினேன்: ஏழோ எட்டோ. கதவு ஒட்டவில்லை. பிறந்த நாளிலிருந்து ஐம்பத்திரண்டு வருஷமாக அது அப்படியே இருந்திருக்கிறது. இரண்டு பிள்ளை பெற்றபோதும், மாடி ஏறி வடகம் காயவைத்தபோதும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குழாய் வந்த பிறகுதான் அந்தக் கதவுக்கு அர்த்தம் வந்தது.

டாக்டர் கதவைத் தொடவில்லை. காரணம் தெரியாத பக்கவாதம் கண்ட சிலருக்குத்தான் அதை அடைக்கிறார்களாம். 2017-ல் வந்த ஆராய்ச்சிகள் அதற்கு இடம் கொடுத்தன. அக்காவுக்கு ஊசியைத் தொடர்ந்து, கட்டி கொஞ்சம் அடங்கிய பிறகு குழாயை எடுத்துவிடத் தீர்மானித்தார். குழாய் வழியாக இரண்டு நாள் ஏற்றிய மருந்து மாத்திரையாக மாறியது.

எடுக்கும்போது தலையணையில்லாமல் மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். உட்கார்ந்தபடி எடுத்தால் அந்தத் துவாரம் வழியாகக் காற்று உள்ளே போய்விடலாம். கதவு ஒட்டாதவர்களுக்குக் காற்றும் கட்டி மாதிரிதான். ஒரு நிமிஷங்கூட ஆகவில்லை. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நூல் போன்ற குழாய் கிண்ணத்தில் சுருண்டு கிடந்தது.

"காட்டுங்களேன்" என்றாள் அக்கா. நர்ஸ் காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது இல்லாவிட்டால் அந்த மருந்து ஏறியிருக்காது, இல்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஊசி மூன்று மாதத்துக்கு மேல் நடந்தது. நோய் இப்போது அடங்கியிருக்கிறது. வலது கை மட்டும் இடது கையைவிட இன்னும் ஒரு சுற்றுப் பருமன். சாயங்காலத்தில் கனக்கிறது என்பாள். வளையல் இரண்டு துண்டாகப் பீரோவில் கிடக்கிறது. பற்றவைத்துத் தருவதாக ஆசாரி சொல்லுகிறார். இந்தக் கைக்கு அளவு பெரிதாக்கவேண்டும், தங்கம் விற்கிற விலையில் அதற்கு இப்போது என்ன அவசரம் என்கிறாள் அவள்.